ஹட்டன் மழைக்கு ஒரு வீட்டுத்தோட்டப் பொதி

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், அடுத்த ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கப்பட்டதும் எவருக்கும் மறந்திருக்காது. நெருக்கடி தணிந்த பின்னரும் வீட்டுத்தோட்ட ஆர்வம் தணிந்துவிடவில்லை; அந்த ஆர்வத்தை நம்பி ஒரு வியாபாரமும் வளர்ந்துவிட்டது. கொழும்புப் பக்கத்து நிறுவனமொன்று தயாரித்து, ஹட்டன் நகரில் விவசாயப் பொருட்கள் விற்கும் கடையொன்றின் ஊடாக எங்களுக்கு வந்து சேரும் 'வீட்டுத்தோட்டப் பொதி' அந்த வியாபாரத்தின் பிள்ளைதான். அதை வாங்கி, பருவமழைக் காலத்தையும் அதன் பின்னரான வெயிலையும் அதனுடன் கழித்துவிட்டே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பொதிக்குள் இருப்பவை இவை: பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட கூரைக்கான இரும்புக் குழாய்ச் சட்டகம், அதன்மேல் போர்த்துவதற்கு 200 மைக்ரோன் தடிப்பமுள்ள யூவி (புற ஊதாக் கதிரைத் தாங்கும்) பொலித்தீன் தாள், கறுப்பு வளர்ப்புப் பைகள், தென்னந்தும்புத் தூளை அழுத்திய தும்புச்சோற்றுக் கட்டிகள், சொட்டுநீர்க் குழாய்த் தொகுதி, சில விதைப் பக்கற்றுகள், நீரில் கரைத்து ஊற்றும் பசளையான அல்பேர்ட் கலவை ஒரு பக்கற், ஓர் அறிவுறுத்தல் தாள். விரும்பினால் மேலதிகப் பணம் செலுத்தி ஸ்ட்ரோபெரிக் கன்றுகளும் பெற்றுக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்தில் நாள் தவறாமல் பேர் போட்டு வேலை செய்யும் ஒருவருடைய அரை மாதச் சம்பளத்துக்கு இதன் விலை கிட்டத்தட்ட வந்துவிடும் என்பதால், இது விளையாட்டாக வாங்கிப் பார்க்கக்கூடிய பொருளன்று.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் முந்திய கட்டங்களில் மலையகத்தில் கட்டப்பட்ட வீடுகளுக்கு வழங்கப்பட்டது 7 பேர்ச் காணி, அதாவது 1,900 சதுர அடியைச் சற்றே தாண்டிய நிலம். அதில் 550 சதுர அடியை வீடு எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவதில் படிக்கட்டும் கானும் மண்சரிவுக்கு அஞ்சிக் கட்டிய கற்சுவரும் போக, மரக்கறிக்குக் கிடைப்பது சரிவான ஒரு துண்டுதான். லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. இஸ்தோப்பு என்னும் திண்ணைக்கு முன்னால் இருக்கும் கீற்று நிலமே அவர்களின் தோட்டம். அறுபது சதுர அடிக் கூரை என்பது இந்த இடத்துக்குப் பொருத்தமான அளவு என்பதையும், அதைத் தீர்மானித்தவர் ஏதோ ஒரு சிறிய காணியை மனத்தில் வைத்திருந்தார் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். அவர் மனத்தில் வைத்திருந்த காணி மலையில் இருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

கீழ்நாட்டில் வீட்டுத்தோட்டக்காரரின் கவலை பெரும்பாலும் தண்ணீர் போதாமை. எங்களுக்கோ கவலை தண்ணீர் மிகுதியாக இருப்பது. ஹட்டனுக்குக் கீழே வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும்; மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை விட்டுவிட்டுக் கொட்டிக்கொண்டேயிருக்கும். மழை நின்ற நேரத்திலும் மூடுபனி இலைகளை உலரவிடுவதில்லை. தக்காளியையும் உருளைக்கிழங்கையும் அழிக்கும் பின்வெளிறல் நோய்க்கு இதைவிட வசதியான காலநிலை கிடையாது. அந்த நோய்க்கிருமிக்குத் தேவையானவை குளிரும், பல மணி நேரம் ஈரமாகவே இருக்கும் இலையும்தான். இலையின் ஓரத்தில் வெந்நீர் பட்டது போன்ற கரும்பச்சைத் திட்டு முதலில் தோன்றும். ஈரமான காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அந்தத் திட்டைச் சுற்றி மெல்லிய வெண்பூஞ்சணம் படிந்திருக்கும். அதன்பின் ஒரு வாரத்துக்குள் செடி தண்டோடு கறுத்துவிடும். மருந்தடித்தாலும் அடுத்த மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்பதனால் பலர் மழைக்காலத்தில் தக்காளி நடுவதையே விட்டுவிட்டார்கள்.

இந்தப் பொதியின் உண்மையான மதிப்பு கூரையில்தான் இருக்கிறது. ஒரே தட்டில் வளர்த்த தக்காளி நாற்றுகளில் ஒரு பாதியைக் கூரைக்குக் கீழேயும் மறுபாதியைத் திறந்த பாத்தியிலும் நட்டேன். வெளியே நின்றவை ஜூன் மாதத்துக் காய்களைக் காணாமலே கருகின. உள்ளே நின்றவை, கீழிலைகளில் ஆங்காங்கே திட்டுகள் வந்தபோதும், அந்த இலைகளைக் கிள்ளி எறிந்ததோடு தப்பித்து, ஓகஸ்ட் வரை குலைகுலையாகக் காய்த்தன. இரண்டுக்கும் மண், பசளை, கவனிப்பு யாவும் ஒன்றே. மாறியது இலையில் விழுந்த நீர் மட்டுமே. பக்கங்களை மூடாமல் திறந்துவிட்டிருப்பதும் சரியான முடிவு. முழுதாக மூடிய கூடாரத்துக்குள் எங்கள் ஊர் ஈரக்காற்று தேங்கி, கூரையின் உட்புறத்திலிருந்தே செடியில் சொட்டத் தொடங்கிவிடும். திறந்த பக்கம் காற்றையும் தேனீயையும் உள்ளே விடுகிறது.

கூரையிலும் குறைகள் உண்டு. சட்டகத்தை நிலத்தில் பிடித்துவைக்கக் கொடுத்திருக்கும் முளைகள் ஒரு முழ நீளம்கூட இல்லாதவை. முள்ளால் குத்திக் கிளறிப் பொதபொதவென்றிருக்கும் மண்ணில் அவை பல்லுக்குச்சி போல ஆடுகின்றன. ஜூன் மாதக் காற்றுக்கு அவை தாங்காது என்று கண்டு, டர்பன்டைன் மரக் கட்டைகளை இரண்டடி ஆழத்துக்கு இறக்கி, குழாய்களை அவற்றுடன் கம்பியால் கட்ட வேண்டியிருந்தது. அடுத்தது, கூரைக்குப் பீலி இல்லை. அறுபது சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 140 லீற்றர் நீர் ஓடிவரும். எங்கள் பக்கத்தில் அது ஒரு பின்னேர மழை. சமதரையில் அந்த நீர் எங்கோ பரவி மறையும். மலையில் அது கீழ்வீட்டுக்குப் போகிறது. "தம்பி, ஒங்க கூரைத் தண்ணியெல்லாம் எங்க போஞ்சிப் பாத்தியிலதான் வந்து விழுது, மண்ண அரிச்சுக்கிட்டுப் போவுது பாருங்க" என்று கீழ்வீட்டு அக்கா வந்து சொன்னது முற்றிலும் நியாயமான முறைப்பாடு. பிளவுபட்ட பீவீசீக் குழாயொன்றை நீளவாக்கில் அறுத்துப் பீலியாகக் கட்டி, ஒரு பழைய பீப்பாயில் இறக்கி, பீப்பாய் நிரம்பி வழியும் நீரைக் கானுக்குத் திருப்பிய பின்னரே அயல் உறவு சீரானது. மலைநாட்டில் விற்கும் எந்தக் கூரையுடனும் பீலியும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூரை மழையைத் தடுப்பதால் வேறொன்றும் நேர்கிறது. இலையடியில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் அழுக்கணவனையும் சிற்றுண்ணியையும் அடித்துக் கழுவுவதும் அதே மழைதான். அது நின்றதும் கறிமிளகாயின் கொழுந்துகள் சுருள ஆரம்பித்தன. சவர்க்கார நீரை இலையின் அடிப்பக்கத்தில் வாரம் தவறாமல் தெளித்து வந்ததில் கட்டுப்பட்டது. ஆனால் 'நோயற்ற செய்கை' என்று பொதியின் மேல் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார்.

வளர்ப்புப் பைகளையும் தும்புச்சோற்றையும் பற்றி என்னால் இவ்வளவு நல்லதாகச் சொல்ல இயலாது. ஐந்து கிலோ எடையுள்ள ஒரு கட்டியை நீரில் ஊறவிட்டால் அது 60 லீற்றருக்கும் அதிகமாகப் பொங்கி வரும். பார்ப்பதற்கு மகிழ்ச்சியான காட்சிதான். தும்புச்சோற்றின் பெருமை நீரைப் பிடித்துவைப்பது. புத்தளத்திலோ வவுனியாவிலோ அது வரம்; கூரைக்கு வெளியே ஹட்டன் மழையில் வைத்த பை ஒரு சிறிய சதுப்பு நிலமாகிவிட்டது. பையின் அடியில் மட்டுமே சில துளைகள் இட்டிருக்கிறார்கள், அவையும் மண்ணில் அழுந்தி அடைபட்டுவிடுகின்றன. பக்கவாட்டில், அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில், சூடான கம்பியால் மேலும் துளைகள் இட்டு, பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். மேலும், தும்புச்சோற்றில் செடிக்குரிய உணவு மிகக் குறைவு. எனவே அல்பேர்ட் கலவையைக் கரைத்துத் தொடர்ந்து ஊற்றியாக வேண்டும். பொதியில் கொடுத்த பக்கற் காய் பிடிக்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது. காய்களின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழும் முனையழுகலும், மண்ணில் நின்ற செடிகளைவிடப் பைச் செடிகளில் அதிகமாக இருந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவும் ஒழுங்கற்ற நீரூற்றலும் சேரும்போது வரும் கோளாறு அது.

மலையில் இருப்பவர் செடி வளர்க்கும் ஊடகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவையும் இல்லை. மாட்டுப்பட்டியில் எரு இருக்கிறது. மூடாக்குப் போட மானாப் புல் இருக்கிறது. இல்லாதது ஒன்றே: எங்கள் மண்ணின் புளிப்பை மாற்றும் சுண்ணாம்பு. தேயிலைக்கு உகந்த மண்ணின் காரகாடித்தன்மை (pH) 4.5 முதல் 5.5 வரை, பெரும்பாலான மரக்கறிகள் 6க்கு மேல் எதிர்பார்க்கின்றன. கோவாவின் வேர் கரணை கரணையாக வீங்கி, செடி பகலில் வாடி மாலையில் நிமிரும் நோயும் புளித்த மண்ணில்தான் தீவிரமாகிறது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்கு டொலமைட் என்னும் சுண்ணாம்புத் தூள் தூவுவதைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதையே வீட்டுப் பாத்திக்கும், நடுவதற்குச் சில வாரங்கள் முன்பாகத் தூவிக் கொத்திவிட வேண்டும். மலைநாட்டில் விற்கும் பொதியில் தும்புச்சோற்றுக் கட்டி ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்துக்கு டொலமைட் பை ஒன்றைச் சேர்த்திருந்தால் வாங்குகிறவருக்கு நூறு மடங்கு பயனாக இருந்திருக்கும்.

பைகள் முற்றிலும் வீண் என்று சொல்லாதபடி செய்தது ஸ்ட்ரோபெரிதான். கூரைக்குக் கீழே பலகைத் தட்டடித்து, பைகளை இடுப்புயரத்தில் வரிசையாக வைத்து, ஒரு பைக்கு இரு கன்று வீதம் நட்டேன். தரையில் நடும் ஸ்ட்ரோபெரிக்கு எங்கள் ஊரில் இரண்டு எதிரிகள்: பழத்தில் சாம்பல் பூஞ்சணத்தை வரவழைக்கும் மழை, இரவில் ஊர்ந்து வந்து பழுத்த பக்கத்தை மட்டும் தேர்ந்து குடையும் நத்தை. கூரை முன்னதைத் தடுத்தது. தட்டின் உயரம் பின்னதைப் பெரும்பாலும் தடுத்தது. கன்றை நடும்போது அதன் குருத்து மண்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், வேர் வெளித்தெரிந்தால் காயும். தாய்ச்செடி விடும் ஓடுகொடிகளை, காய்க்கும் காலத்தில் நறுக்கிவிட்டு, காய்ப்பு ஓய்ந்தபின் வருவனவற்றைச் சிறு பைகளில் வேர்பிடிக்க விட்டால் அடுத்த பருவத்துக்குக் கன்று வாங்க வேண்டியதில்லை. பழம் நுவரெலியா வீதியோரத்தில் பெட்டியில் விற்பதைவிடச் சிறியது. ஆனால் செடியிலேயே முழுதாகச் சிவக்க விட்டுப் பறிப்பதால் இனிப்பில் அதை மிஞ்சுகிறது. வீட்டில் வேறு பழமும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கூரையெல்லாம் தேவைப்படாது: வேலியோரத்தில் ஒரு மரத்தக்காளியும், கம்பிப் பந்தலில் ஒரு கொடித்தோடையும் வைத்தால் போதும்.

சொட்டுநீர்த் தொகுதியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டேன். ஆடியில் கச்சான் காற்று வறட்டும் பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தவர்களுக்கு அது கைகொடுக்கும். கூரையடியில் நிற்கும் சில செடிகளுக்குப் பீப்பாய் நீரும் வாளியும் போதுமானவை.

விதைப் பக்கற்றுகள் இந்தப் பொதி எங்கே சிந்திக்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. வெண்டி, பயற்றை, கத்தரி, புடலை என எல்லாம் வெப்பத்தை விரும்பும் இனங்கள். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. இங்கே வெண்டி முளைத்து, நாலிலை விட்டு, யோசித்துக்கொண்டே நிற்கும். கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னதும், வாக்குவாதமின்றி அவற்றைப் போஞ்சி, சலாது, லீக்ஸ், கறிமிளகாய் விதைகளாக மாற்றித் தந்தார் என்பதை நன்றியுடன் பதிவுசெய்கிறேன். வாங்கும்போதே பெட்டியைத் திறந்து இதைக் கேட்டுவிடுவது நல்லது.

நிறுவனத்தின் மீது எனக்கு மிகுந்த மனக்குறை உள்ள விடயம் அறிவுறுத்தல் தாள். அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. ஹட்டனில் இந்தப் பொதியை வாங்குவோரில் எத்தனை பேர் தமிழர் என்பது விற்பவருக்குத் தெரியாததல்ல. அல்பேர்ட் கலவையை எத்தனை லீற்றர் நீருக்கு எவ்வளவு கரைப்பது என்பது தெரியாவிட்டால் செடி கருகிவிடும். அந்த வரியையாவது தமிழில் அச்சிட்டிருக்கலாம். தொலைபேசியில் அழைத்தபோது, அடுத்த அச்சில் பார்க்கிறோம் என்றார்கள். அதுவரை, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முழுப் பொதியையும் இந்த விலைக்கு வாங்கும்படி நான் எவருக்கும் சொல்ல மாட்டேன். சட்டகத்தையும் தாளையும் மட்டும் தனியாகக் கேட்டால் அந்தக் கடையில் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய பாதி விலைதான் வருகிறது. மழை தொடங்கிய பின் கேட்டால் கையிருப்பு இருக்காது என்பதால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். தாளின் ஓரத்தில் தடிப்பமும் யூவி என்ற குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். குறிப்பில்லாத சாதாரணப் பொலித்தீன் மலை வெயிலில் ஓராண்டுகூடத் தாங்காமல் வெடித்து நூல்நூலாகக் கிழிந்துவிடும்.