ஊற்றா, ஆறா, கடலா: எதில் முதலில் இறங்குவது?

ஊற்றும் ஆறும் கடற்கரையும் அருகருகே வாய்த்த ஒரு நிலப்பகுதிக்குச் செல்வோரில் பெரும்பாலோர், எதில் முதலில் இறங்குவது என்பதை அழகை வைத்தே முடிவு செய்கிறார்கள். அந்த நீர் தன் ஆபத்தை எந்த அளவுக்கு வெளிக்காட்டுகிறது, இறங்கியவர் எவ்வளவு எளிதாகக் கரையேற முடியும் என்ற இரண்டையுமே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவ்வாறு பார்த்தால் ஊற்றுக்கே முதலிடம். தெளிந்த ஊற்றில், ஊற்றுக்கண் திறக்கும் இடத்தில் மணல் கொதிப்பதுபோல் துள்ளுவதைக் கரையில் நின்றே காணலாம். எங்கே ஆழம், எங்கே பாறை என்பதும் புலப்படும். நிலத்தடி நீரின் வெப்பம் பெரும்பாலும் அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருப்பதால், ஃபுளோரிடாவின் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகள் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸிலேயே நிற்கின்றன. குளிர்காலத்தில் கடற்பசுக்கள் அங்கே வந்து ஒதுங்குவதும் அந்த வெதுவெதுப்புக்காகத்தான். நீந்தப் பழகுவோருக்கும், முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மீன்களைப் பார்க்க விரும்புவோருக்கும் இதைவிட நல்ல இடம் இல்லை. ஊற்றுக்கண்ணுக்குள் நீளும் நீரடிக் குகைகளை மட்டும், அதற்கெனத் தனிப் பயிற்சி பெறாதவர்கள் எட்டிப் பார்க்கவும் கூடாது.

ஒரு நிலத்தை அறிய வேண்டுமென்றால் ஆற்றுக்கு ஈடு எதுவும் இல்லை. ஊற்று ஓரிடத்தைக் காட்டுகிறது. ஆறு காட்டையும் வயலையும் ஊரையும் வரிசையாகக் காட்டிச் செல்கிறது. ஆனால் அது தன் ஆபத்தை மறைத்து வைத்திருக்கும் நீர். வளைவில் உட்கரை மணல் படிந்து ஆழமற்றிருக்க, வெளிக்கரையோ அரிக்கப்பட்டு ஆழமும் வேகமும் கூடியிருக்கும்; குளிக்க இறங்குவோர் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பல விபத்துகள் தவிரும். சாய்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகள் நீரை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்துக்கொள்ளும். ஆளுயரம்கூட இல்லாத தடுப்பணையின் அடியில், விழும் நீர் மேற்பரப்பில் மீண்டும் அணையை நோக்கியே திரும்புவதால், அகப்பட்டவர் தேர்ந்த நீச்சல்காரராக இருந்தாலும் வெளிவருவது அரிது. வானம் வெளுத்திருக்கும் நாளிலும் மேற்பகுதியில் பெய்த மழையால் வெள்ளம் வரக்கூடும். பாறைகளுக்கிடையே பாயும் ஆற்றுப் பகுதிகளைப் பன்னாட்டு வழக்கில் கடினத்துக்கேற்ப 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள்; புதியவர்கள் வழிகாட்டியின்றி 1-ஆம் தரத்தைத் தாண்டாமலிருப்பதே நல்லது. வேகநீரில் தவறி விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் பாறையிடுக்கில் சிக்கினால் ஓட்டம் உடலை அமிழ்த்திவிடும். மல்லாந்து, பாதங்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தபடியே கரையை நோக்கி ஒதுங்க வேண்டும்.

கடலின் மகிழ்ச்சி வேறு வகை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் உடல் சற்று எளிதாக மிதக்கிறது. அலைச்சறுக்கை வேறெங்கும் இந்த அளவுக்கு அனுபவிக்க முடியாது. எனினும் கடல் காட்டும் அடையாளம் புதியவரை ஏமாற்றும். இருபுறமும் அலைகள் நுரைத்து உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால், பலரும் அதைத்தான் பாதுகாப்பான இடமென்று எண்ணி இறங்குகிறார்கள். உண்மையில் கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை ஓட்டம் பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான் இருக்கும். அதில் சிக்கினால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே நல்ல நீச்சல் தெரிந்தவர்களும் உயிர்காப்பாளர் உள்ள கடற்கரையில், அவர்கள் கொடி நட்டுக் குறித்த எல்லைக்குள் மட்டுமே இறங்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கோ கடலில் முழங்கால் நனைப்பதைவிட, உயிர்காப்பு உடை அணிந்து, தேர்ந்த படகோட்டியுடன் அமைதியான ஆற்றில் செல்லும் அரைநாள் பயணம் மகிழ்ச்சியை மிகுதியாகத் தரும்.