அகஸ்டஸ் காசு என்று நம்பி 38,000 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் உறுதியாச்சு. 38,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது ரோமானிய வெள்ளிக்காசே இல்லை, வார்ப்புப் போலி.

பழங்காசு விற்கும் ஒரு ஆன்லைன் கடை. வீடியோ காலில் ஆள் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். "கரூர் அமராவதி ஆத்துல கிடைச்சது சார், ஒரு குடும்பத்துல ரெண்டு தலைமுறையா இருந்துச்சு." கொங்குப் பக்கம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், அவருக்கு அடுத்து வந்த டிபேரியஸ் காசுகள் நிறைய கிடைத்திருப்பது உண்மைதானே, அதில்தான் கவிழ்ந்தேன். தராசில் வைத்து 3.7 கிராம் காட்டினார். கால் முடிவதற்குள் பணம் அனுப்பிவிட்டேன்.

கூட வந்த அட்டையில் "அகஸ்டஸ், ஆர்ஐசி 207" (ஆர்ஐசி என்பது ரோமானியக் காசுகளின் பட்டியல் நூல், 207 அதில் வகை எண்). அப்படியென்றால் பின்பக்கம் அவருடைய பேரன்கள் காயஸும் லூசியஸும் நிற்க வேண்டும், நடுவில் கேடயம், ஈட்டி. என் காசிலோ ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், 'பாண்டிஃப் மாக்சிம்' என்ற எழுத்தோடு. அது டிபேரியஸ் வகை. தலைப்பக்கத்தில் அகஸ்டஸ் என்று இருக்கிறதே என்றால், அது பட்டம், டிபேரியஸும் போட்டுக்கொண்டதுதான். விற்கிறவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

பெயர் மாறினால் என்ன, காசு நிஜம்தானே என்று மனசைத் தேற்றினேன். நகைக்கடைத் தராசில் 2.9. லென்ஸில் பார்த்தால் விளிம்பைச் சுற்றி அரம் போட்டு ராவிய தடம், எழுத்து இடுக்குகளில் ஊசிமுனைக் குழிகள். அச்சில் அடிக்காமல் வார்த்த காசின் அடையாளங்கள். நேற்று அதே கடையில் இன்னொரு 'அகஸ்டஸ்' விற்பனைக்கு வந்தது. காதுக்குப் பின்னால் என் காசில் இருக்கும் அதே கீறல், விளிம்பில் அதே இடத்தில் அதே வெடிப்பு! ஒரே அச்சில் அடித்தால் முகம் ஒன்றாக இருக்கலாம். வெடிப்பும் கீறலுமா ஒன்றாக இருக்கும்? ஒரே காசைப் பார்த்து வார்த்தால்தான் இருக்கும்.

போன் போட்டேன். "பழைய வெள்ளி சார், தேஞ்சிருக்கும்." நாலு நாளில் 0.8 கிராமா? அடுத்த தடவை, ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கார். அதற்கடுத்து, கவரைப் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது. இப்போது பிளாக். 38,000 ரூபாய்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. விளிம்பை போட்டோ கேளுங்கள். வந்ததும் நீங்களே எடை போடுங்கள். அட்டையை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். ஆற்றில் கிடைத்தது என்றால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878 சட்டம் இன்னும் இருக்கிறது, எழுத மாட்டார்கள்.

வீட்டில் 3,800 என்று சொல்லி வைத்திருக்கிறேன்.