சின்னக் கெமராவுக்குக் ‘கூடுதல் பெட்டரி’ வாங்கப் போகிறீர்களா? கையோடு தராசையும் கொண்டு போங்கள்

கந்தப்பளைப் பக்கம் லீக்ஸ் போட்டிருக்கும் ஒருவர், பன்றி எந்த வேலி இடுக்கால் நுழைகிறது என்று பார்க்க ஏ9 வகைச் சின்னக் கெமரா ஒன்று வாங்கினார். கூடவே ‘20,000 எம்ஏஎச்’ (மில்லிஅம்பியர்மணி, பெட்டரியின் கொள்ளளவு) என்று பெரிதாக அச்சடித்த பெட்டரிப் பொதியும் வாங்கினார். கெமராவுக்கு 2,800 ரூபா, பொதிக்கு 3,700. “ஒருக்கா சார்ஜ் போட்டா ரெண்டு ராவும் ஓடும், பயப்படாம கொண்டு போங்கண்ணே” என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். மாலை 6.30க்குப் போட்டுவிட்டுப் போன கெமராவில் கடைசிக் காட்சி இரவு 10.17. பன்றி வந்ததோ விடியப்போகிற நேரம். திருப்பிக் கொண்டுபோனால், “நுவரெலியாக் குளிருக்கு அப்படித்தாண்ணே, இன்னொரு பொதி சேர்த்துப் போடுங்க” என்று பதில். இந்தப் பதிவுக்குக் காரணம் அந்தப் பதில்தான்.

பொதியைப் பிரித்தால் உள்ளே இருந்தவை இரண்டு 18650 செல்கள், 5 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். ஒவ்வொரு செல்லின் மேலும் ‘9900’ என்று போட்டிருக்கிறது. 18650 என்ற எண் அளவைத்தான் சொல்கிறது: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அந்த உருளைக்குள் இன்றைக்குக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல கொம்பனிச் செல்லே 3,400, 3,500 எம்ஏஎச்தான் கொள்ளும். 9900 என்பது அரைப் போத்தலுக்குள் ஒன்றரைப் போத்தல் எண்ணெய் ஊற்றித் தருகிறேன் என்று சொல்வது மாதிரி.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை, சமையலறை டிஜிட்டல் தராசு போதும். நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். இந்தப் பொதியில் இருந்தவை 31 கிராமும் 29 கிராமும். கொள்ளளவு சோதிக்கும் சார்ஜரில் 500 மில்லிஅம்பியரில் 2.8 வோல்ட் வரை இறக்கிப் பார்த்ததில் ஒன்று 1,120, மற்றது 960. இரண்டும் சேர்ந்து 2,080. அச்சடித்ததில் பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. இப்படிப்பட்ட செல்களில் சிலவற்றின் உள்ளே விரல் அளவு இன்னொரு குட்டிச் செல்லை வைத்து, மிச்ச இடத்தில் வெள்ளைத் தூளை அடைத்திருப்பார்கள். அதைப் பார்க்கிற ஆசையில் வீட்டில் யாரும் செல்லை வெட்டிவிடாதீர்கள்.

இனி 10.17 என்ற நேரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2.08 அம்பியர்மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 7.7 வாட்மணி, பொதியில் உள்ள மொத்தச் சக்தி அவ்வளவுதான். 5 வோல்ட்டுக்கு ஏற்றும் மலிவு போர்டு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சூடாக்கியே தின்றுவிடும், மிச்சம் 6.2. இந்தக் கெமரா வெளிச்சத்தில் 180 மில்லிஅம்பியர் இழுக்கிறது. இருட்டி, ராவில் படம் எடுக்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கியதும் 320க்கு ஏறுகிறது. 5 வோல்ட்டில் அது 1.6 வாட். 6.2ஐ 1.6ஆல் வகுத்தால் நாலு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு நிமிடக் கணக்கில் பொருந்துகிறது, இதில் குளிருக்கு இடமே இல்லை.

குளிரில் பெட்டரி குறையாது என்று சொல்லவில்லை. உறைபனி விழும் சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் 0 பாகைக்குப் பக்கத்தில் நல்ல செல்லே பத்து முதல் இருபது வீதம் வரை இழக்கும். மற்ற மாதங்களில் 10 பாகை அளவுக் குளிரில் அது பெரிதாகத் தெரியாது. உள்மின்தடை ஏறிப்போன பழைய செல்லும் போலிச் செல்லும்தான் குளிரில் சட்டென்று படுக்கும். சார்ஜ் கொஞ்சம் மிச்சமிருந்தாலும், விளக்கு எரியும்போது வோல்ட் விழுந்து போர்டு நின்றுவிடும். குளிர் அந்தச் செல்லைக் கெடுக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. உண்மையில் குளிரில் கவனிக்க வேண்டியது சார்ஜ் போடுவதை. 0 பாகைக்குக் கீழே இருக்கும் லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். பாத்தியில் கிடந்து பனியில் நனைந்த பொதியைக் கொண்டுவந்த கையோடு சொருகாதீர்கள். காம்பராவுக்குள் ஒரு மணித்தியாலம் வைத்து, வெளிப்பக்கம் துடைத்துக் காய்ந்த பிறகு போடுங்கள்.

இரண்டாவது ஏமாற்று இதைவிட ஆபத்தானது. “உள் பெட்டரியைக் கழற்றிப் பெரிசு போட்டுத் தாறோம், கெமரா நாள் முழுக்க ஓடும்” என்பார்கள். ஏ9, எஸ்கியூ11 போன்ற சின்னக் கெமராக்களுக்குள் இருப்பது வெள்ளித்தாள் சுற்றிய தட்டைச் செல். அதன் மேல் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும், உதாரணமாக 602030. 6.0 மில்லிமீற்றர் தடிப்பு, 20 அகலம், 30 நீளம் என்று அர்த்தம். மூன்றையும் பெருக்கிப் பத்தால் வகுங்கள். 360 வரும். எம்ஏஎச் ஏறத்தாழ அதுதான், பெரும்பாலும் அதற்கும் கொஞ்சம் கீழே. 503040 என்றால் 600. தடித்த பெரிய செல்களில் இதைவிடக் கொஞ்சம் கூட வரும். 103450க்குக் கணக்கு 1,700, கடையில் 1,800 முதல் 2,000 வரை கிடைக்கிறது. ஆனால் 602030 செல்லில் ‘1200’ என்று எழுதியிருந்தால் எழுதியவர் பொய் சொல்கிறார். அதே அளவுப் பெட்டிக்குள் அடங்கும் செல் ஒருநாளும் நாலு மடங்கு ஓடாது.

அந்த மாற்று வேலையில் கெடுவது மூன்று இடத்தில். முதலாவது சார்ஜிங் போர்டு. கையில் கிடைக்கும், டிபி4056 என்ற சிப் உள்ள போர்டை அப்படியே ஒட்டிவிடுவார்கள். அது கடையிலிருந்து வரும்போது 1 அம்பியருக்கு அமைத்திருக்கும். 300 எம்ஏஎச் செல்லுக்கு அது மூன்று மடங்கு வேகம், சில வாரத்தில் செல் உப்பி மூடியைத் தள்ளும். அந்தச் சிப்பின் இரண்டாம் காலில் ‘122’ என்று எழுதிய பொட்டு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும், அதாவது 1.2 கிலோஓம். அதைக் கழற்றி 10 கிலோஓம் போட்டால் சார்ஜ் 130 மில்லிஅம்பியராக இறங்கும், சின்னச் செல்லுக்கு அதுதான் சரி. 5 கிலோஓம் போட்டால் 250. இரண்டு ரூபாச் சாமான், ஆனால் மாற்றுவது பத்து நிமிட வேலை என்பதால் செய்யமாட்டார்கள். இரண்டாவது, வயர் முனை. சின்ன வெள்ளை ஜேஎஸ்டி பிளக்கில் எந்தப் பக்கம் பிளஸ் என்பதற்கு ஒரே ஒழுங்கு கிடையாது. சிவப்பு வயரை நம்பிச் சொருகினால் கெமரா அந்த நொடியே செத்துப்போகலாம், மல்ட்டிமீற்றரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும். மூன்றாவது, பழைய செல்லைக் கழற்றாமலே அதோடு புதியதைப் பக்கத்தில் சேர்ப்பது. ஒன்று 4.1 வோல்ட்டிலும் மற்றது 3.3 வோல்ட்டிலும் இருந்தால், சேர்த்த கணமே ஒன்றிலிருந்து மற்றதுக்கு மின்னோட்டம் பாயும். சேர்த்தே ஆக வேண்டுமானால் ஒரே வகை, ஒரே வயதுச் செல்களாக எடுத்து, இரண்டையும் முழுதாகச் சார்ஜ் போட்டு, வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் ஒரு முழு ராவுக்கு என்னதான் வேண்டும்? 12 மணித்தியாலத்தை 1.6 வாட்டால் பெருக்கினால் 19.2 வாட்மணி. போர்டு தின்பதையும் சேர்த்தால் 24 அளவில் நிற்கும். உண்மையான 3,400 எம்ஏஎச் செல் இரண்டு சேர்ந்தால் 25 வாட்மணி. கணக்குக்குச் சரி, உறைபனி விழும் ராவுக்கு இரண்டு போதாது, மூன்று வேண்டும். செல் தேடி அலையாமல் நல்ல பிராண்டின் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றே வாங்கிவிடலாம். அதில் 37 வாட்மணி உண்டு, வெளியே 31 வரை கிடைக்கும். ஒரு ராவு தாண்டி மறுநாள் மத்தியானம் வரைக்கும் போகும். எங்களைக் கேட்டால் அதுதான் சிக்கனம், உள் பெட்டரியில் கைவைக்கவே தேவையில்லை.

பவர் பேங்கிலும் போலி உண்டு. நல்லதில் வாட்மணியும் எழுதியிருக்கும், 5 வோல்ட்டில் வெளிவரும் கொள்ளளவும் தனியாக எழுதியிருக்கும். 10,000 உள்ளதில் அந்த இரண்டாவது எண் 6,000 பக்கம் இருப்பது குறையல்ல, உண்மையைச் சொல்கிறார்கள் என்பதற்கு அடையாளம். எடை 180 முதல் 230 கிராம் அளவில் வரும். 20,000 என்று சொல்லும் ஒன்று 150 கிராம் நிறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எடை சரியாக இருந்தும் ஆட்டினால் உள்ளே ஏதாவது அசைந்தால் அதுவும் வேண்டாம், எடைக்காக இரும்புத் துண்டு வைப்பவர்களும் உண்டு.

செலவில்லாமல் நேரத்தைக் கூட்டும் வழிகள் கெமராவின் அமைப்பிலேயே இருக்கின்றன, விற்பவர் அதை வாயால் சொல்வதில்லை. பெரிய தின்னிகள் இரண்டு: வைஃபை, இன்ஃப்ராரெட். சிக்னல் மெலிந்த இடத்தில் கெமரா ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்பப் பார்க்கும், மின்சாரம் அங்கேயே போகும். பாத்தியில் வைப்பதானால் வைஃபையை நிறுத்தி, மெமரி கார்டில் மட்டும் பதியவிடுங்கள். லயத்து முன்விளக்கு எரியும் இடமானால் இன்ஃப்ராரெட்டையும் நிறுத்தலாம். மூடுபனி இறங்கினால் அந்த விளக்கு பனியிலேயே பட்டுத் திரும்பி படம் முழுவதும் வெள்ளையாகத்தான் வரும், பெட்டரி போனதுதான் மிச்சம். 1080ஐ 720 ஆக்கினால் கிடைக்கும் லாபம் அற்பம். (இந்த ஏ9களில் பலவற்றின் உண்மையான படமே 640க்கு 480தான், பெட்டியில் எழுதியது வேறு கதை.)

‘அசைவு வந்தால் மட்டும் பதியும், அதனால் பெட்டரி மிச்சம்’ என்ற பேச்சையும் அப்படியே நம்பாதீர்கள். இந்தச் சின்னக் கெமராக்கள் அசைவைப் படத்தின் மாற்றத்தை வைத்தே பார்க்கின்றன. அதற்குச் சென்சரும் சிப்பும் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். மிச்சமாவது கார்டில் இடம்தான். காற்றுக்குத் தேயிலைச் செடி ஆடினாலும் பதிவு ஓடும். உடற்சூட்டை உணர்ந்து எழும்பும் பிஐஆர் கெமராக்கள்தான் உண்மையில் தூங்கும். ஆனால் அவற்றைப் பவர் பேங்கில் மாட்டினால் வேறு வில்லங்கம்: தூங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானே நின்றுவிடும். பிறகு கெமரா கெட்டது என்று திருப்பிக் கொடுப்பார்கள். குறைந்த மின்னோட்ட நிலை உள்ள பவர் பேங்காகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் செல்லை நேரே உள்ளே போடும் கெமராவாக எடுங்கள்.

இருட்டியதும் கெமரா நின்று நின்று எழும்பினால் பெட்டரியைத் திட்டுவதற்கு முன் வயரைப் பாருங்கள். 5 மீற்றர் நீளமான மெல்லிய யூஎஸ்பி வயரில், போக வர 10 மீற்றருக்கு 2 ஓம் தடை சேரும். 320 மில்லிஅம்பியரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய், கெமராவுக்கு 4.3 அளவில்தான் கிடைக்கும். பகலில் ஒழுங்காக ஓடி, விளக்கு எரிந்ததும் நிற்பது இதனால்தான். ஒரு மீற்றருக்குள் வயரைப் பிடியுங்கள். பவர் பேங்கை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, வயரைக் கீழ்ப்பக்கமாக வெளியே எடுத்து ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கெமராவைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றினால் உள்ளேயே வேர்த்துக் கண்ணாடி மங்கும்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறோம். இதெல்லாம் பாத்திக்கும், கடை மேசைக்கும், கோழிக்கூட்டுக்கும். வாடகை அறை, குளியலறை, அடுத்தவர் காம்பரா என்று மறைத்து வைக்க ஓட்டநேரம் கூட்டித் தரச்சொல்லிக் கேட்பவர்களுக்கு எங்களிடம் ரெசிஸ்டர்கூட இல்லை.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள்: செல்லைத் தராசில் வைத்து, எடையும் அச்சடித்த எண்ணும் ஒன்றாகத் தெரிய ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977க்கு அழைத்தும் கேட்கலாம். பற்றுச்சீட்டுத் தரமறுக்கும் இடத்தில், விலை எவ்வளவு குறைந்தாலும், பெட்டரி மட்டும் வாங்காதீர்கள்.

உப்பிய செல்லைக் குத்திக் காற்று இறக்கப் பார்க்காதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டின்னில், வீட்டுக்கு வெளியே மழைபடாமல் வையுங்கள். பழைய மின்னணுச் சாமான் எடுப்பவர்கள் வரும்போது, உள்ளே உப்பிய செல் இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் சாக்கில் போட்டுவிட்டால் லொறியில் தீப்பிடிக்கலாம்.