உரிமம் புதுப்பிக்கும் அறிவிப்பு: தபாலா, மெயிலா?

நான் பிசியோதெரபிஸ்ட். சில வருடங்களுக்கு முன் பதிவுக் கவுன்சில் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: புதுப்பித்தல் அறிவிப்பு இனி தபாலில் வேண்டுமா, மின்னஞ்சலில் வேண்டுமா? மெயில் என்று டிக் அடித்தேன். அதற்கப்புறம் இரண்டு முறை உரிமத்தைப் புதுப்பித்துவிட்டேன். இரண்டு முறையும் சிக்கல் இல்லை.

வேகம், அச்சுச் செலவு, காகிதம், இதிலெல்லாம் மெயில்தான் முந்தும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை மாற வைத்தது வேறு ஒரு விஷயம்: முகவரி மாறினால் அந்த அறிவிப்பு எங்கே போய்ச் சேரும்?

தபாலில் வந்துகொண்டிருந்த காலத்தில் வீடு மாறினேன். பத்து இடத்தில் முகவரியை மாற்றிய நான் கவுன்சிலை மறந்துவிட்டேன். பல வாரம் கழித்துப் பழைய வீட்டுக்குப் போனபோது, செருப்பு ஸ்டாண்டின் மேல் அந்த உறை இருந்தது. மேலே லேசாகத் தூசி. கண்ணாடித்தாள் சன்னல் வழியே என் பெயர் தெரிந்தது. “வந்து வாங்கிக்குவீங்கன்னு எடுத்து வெச்சேன்” என்றார் புதிதாகக் குடிவந்தவர். அவர் நல்ல மனதோடுதான் வைத்திருந்தார். ஆனால் கெடு முடிந்து 19 நாள் ஆகியிருந்தது. தாமதக் கட்டணம் கட்டினேன். அதைவிட, புது உரிமம் வரும்வரை நோயாளிகளைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்ததுதான் வலித்தது. அறிவிப்பு கையில் கிடைக்கவில்லை என்பதைப் பெரும்பாலான உரிம அமைப்புகள் காரணமாக ஏற்பதில்லை. தேதியை நினைவில் வைப்பது உரிமம் வைத்திருப்பவர் பொறுப்பு.

சொந்த மெயில் முகவரி எத்தனை வீடு மாறினாலும் கூடவே வரும். என் கணக்கில் இந்த ஒன்றே போதும். ஆனால் ‘சொந்த’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். வேலை செய்யும் இடத்து மெயிலைக் கொடுத்தால் பழைய கதைதான். வேலையை விட்டதும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள். மூடினால்கூடப் பரவாயில்லை, இப்படி ஒரு பெட்டி இல்லை என்று அனுப்பியவருக்கே மெயில் திரும்பிவிடும், பெரும்பாலும் சில நிமிடத்தில். திரும்பி வருவதை அங்கே யாராவது பார்த்தால் தபாலில் ஒன்று அனுப்பலாம். சில இடங்களில் கணக்கை மூடாமல் மேலாளரின் பெட்டிக்குத் திருப்பிவிடுவார்கள். அப்போது மெயில் திரும்பி வராது, நமக்கும் சேராது. அதுவும் ஒரு செருப்பு ஸ்டாண்டுதான்.

அடுத்தது ஸ்பேம். ஜிமெயிலில் ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். கெடுவுக்கு இரண்டு மாதம் முன்னால் வந்த அறிவிப்பைக் கடைசி வாரத்தில் தேடினால் அங்கேயும் இருக்காது. அதனால் கவுன்சிலின் மெயில் முகவரியை முதல் நாளே தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். 2024 பிப்ரவரி முதல், நாளுக்கு 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் தங்கள் அடையாளத்தை முறைப்படி உறுதி செய்தாக வேண்டும் என்று ஜிமெயில் விதி வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் சரியாகச் செய்த அலுவலகத்தின் மெயில் ஸ்பேமில் விழும் வாய்ப்பு குறைவு. போலி மெயில் பயத்துக்கு வழி எளிது: உள்ளே இருக்கும் இணைப்பைத் தொடாமல், கவுன்சில் தளத்தின் முகவரியை நாமே தட்டிப் போகலாம்.

தபாலுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. காகிதம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் தினமும் கேட்கும், கட்டினாயா என்று. மெயில் அப்படியில்லை, நாலு நாளில் நூறு மெயிலுக்குக் கீழே போய்விடும். அதற்காக, படித்த கையோடு கெடு தேதியைப் போன் காலண்டரில் போட்டுவிடுகிறேன், ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் மணி அடிக்கிற மாதிரி.

இரண்டு புதுப்பித்தல் என்பது சின்ன அனுபவம்தான். அதற்குள் நான் மெயில் சேவையை மாற்றவில்லை, கடவுச்சொல்லையும் தொலைக்கவில்லை. அப்படி நடந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. என்னோடு வேலை பார்க்கும் மூத்த அக்கா ஒருவர் முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார், மெயிலை மாதம் ஒருமுறைதான் திறப்பார். அவரிடம் மாறச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. இப்போதும் அவருக்குத் தபால்தான்.