நுங்வியா, பாஜேயா? சான்சிபாரில் எங்கே தங்கலாம்

தான்சானியாவுக்குப் போகும் பலரும் சான்சிபார் தீவுக்கென்று நாலு நாள் ஒதுக்குகிறார்கள். விடுதியைப் படம் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். படத்தில் எல்லாக் கரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: வெள்ளை மணல், பச்சை கலந்த நீலத் தண்ணீர். ஆனால் சில இடங்களில் காலையில் எழுந்து பார்த்தால் கடல் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போயிருக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். சென்னையில் அது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் நாம் இதை யோசிப்பதே இல்லை. கிழக்கே பாஜே, ஜம்பியானி பக்கம் பவளத்திட்டு கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. இடையில் ஆழமே இல்லாத தட்டையான தரை. ஓதம் இறங்கினால் அந்தத் தரை முழுக்க வெளியே தெரியும். மறுபடி நிரம்ப ஆறு மணி நேரம் ஆகும். வடமுனையில் நுங்வி, கெண்ட்வா கரைகளில் சீக்கிரமே ஆழம் வந்துவிடும். அதனால் அங்கே அனேகமாக எந்நேரமும் குளிக்கலாம்.

நீந்துவதுதான் முக்கியம், போகிறதே மூன்று நாள் என்றால் நுங்விக்கே போங்கள். சூரியன் கடலில் இறங்குவதையும் பார்க்கலாம். கூட்டமும் பெரிய விடுதிகளும் அங்கேதான் அதிகம்.

என் ஓட்டு பாஜேவுக்கு. வற்றிய கடலுக்குள் நடந்து போனால், பெண்கள் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்ப்பதைப் பார்க்கலாம். சுவாஹிலியில் அதற்கு 'ம்வானி' என்று பெயர். பாம்பன் பக்கத்துப் பெண்களின் பாசி வேலை தெரிந்தவர்களுக்கு அந்த உழைப்பு உடனே புரியும். கடல் சூடாகிவருவதால், நல்ல விலை போகும் தடித்த ரகம் ஆழமில்லாத நீரில் தாக்குப்பிடிக்காமல் அழிகிறது. தயவுசெய்து அவர்களின் கயிறுகளை மிதிக்காதீர்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள். காலில் செருப்போ ஷூவோ கட்டாயம் வேண்டும். கடல் முள்ளெலிகள் கிடக்கும். காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் சறுக்கும் காற்றாடிச் சறுக்குக்கு (கைட் சர்ஃபிங்) ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் 'குசி' காற்றும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வீசும் 'கஸ்காசி' காற்றும் ஏற்றவை. மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழை, எந்தக் கரைக்கும் ஆகாது.

அப்புறம், ஸ்டோன் டவுன். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தப் பழைய நகரத்துக்குப் பலர் அரை நாள்தான் தருகிறார்கள். அது போதாது, இரண்டு இரவாவது தங்குங்கள். 1873-இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இன்று ஒரு தேவாலயம் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு உடனே வண்டியேறிக் கடற்கரைக்குப் போக மனம் வராது. இது முஸ்லிம்கள் வாழும் ஊர்; தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஃபொரோதானி பூங்காவில் 'உரோஜோ' விற்பார்கள். மாங்காய்ப் புளிப்பும் மஞ்சள் நிறமுமான குழம்பில் பஜ்ஜியும் உருளைக்கிழங்கும் மிதக்கும். இந்தியச் சமையலின் சாயல் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.