அம்மாவின் படபடப்புக்குப் பதில் சொன்ன மருத்துவர்

அம்மாவுக்கு 68 வயது. ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிறது என்பார். உள்ளூரில் 2 முறை இ.சி.ஜி. எடுத்தும் நார்மல், வாயு என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் மதுரையில் துடிப்புக் கோளாறு நிபுணரிடம் போனோம். 3 மணி நேரக் காத்திருப்பு, அது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் அவர் அவசரப்படவே இல்லை. 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை மாட்டச் சொன்னார். அதில் பதிவானதைப் பார்த்து, இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளைவிட, விடியற்காலையில் 40 நிமிடம் ஓடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புதான் முக்கியம் என்றார். இதயத்தின் மேலறை நடுங்கினால் ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் என்று தாளில் வரைந்தே காட்டினார். வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் மாத்திரையை எழுதினார். “ஆஸ்பிரின் இதுக்குப் போதாதும்மா, வேளை தவறாமப் போடுங்க” என்றார். அந்தத் தாளை அம்மா பத்திரமாக வைத்திருக்கிறார்.