திருகோணமலையில் படிக்க வருகிறவர்களுக்கு: அறை நகரிலா, உப்புவெளியிலா, வளாகத்துக்குப் பக்கத்திலா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நகருக்குள் இல்லை. நிலாவெளி வீதியால் வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் போனால் வரும் கோணேசபுரியில் இருக்கிறது. விடுதியில் இடம் கிடைத்தால் யோசிக்க எதுவும் இல்லை, எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காதவர்களுக்கு, மலையகத்திலிருந்து வந்தாலும் கடல் கடந்து வந்தாலும், மூன்று வழிகள்தான்: நகருக்குள் அறை, பாதி வழியில் உப்புவெளி – அலஸ்தோட்டம் பக்கம், அல்லது வளாகத்தை ஒட்டிய சாம்பல்தீவு, கோணேசபுரி, நிலாவெளி.

பெரும்பாலானோர் வாடகையையும் கடற்கரை எவ்வளவு கிட்ட என்பதையும் பார்த்து அறை பிடிக்கிறார்கள். இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியவை கிணறும் கூரையும். ஆனி மாதத்தில் பிடித்துப்போகிற அறை கார்த்திகை மழையில் இருக்கத் தக்கதாக இருக்காது. கார்த்திகையில் அருமையாகத் தெரிந்த கிணறு ஆவணியில் உவர்த்துவிடும்.

நகரிலிருந்து தொடங்குவோம். உவர்மலை, பாலையூற்று, லிங்கநகர் பக்கங்களில் நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர் வருகிறது. சந்தை, பொது வைத்தியசாலை, பஸ் நிலையம், ரயில் நிலையம் எல்லாம் கைக்கெட்டிய தூரம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. சுற்றுலா விசாவில் வந்து படிக்க முடியாது, வதிவிட விசா வேண்டும். குடிவரவுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில். ஆவணம் குறைந்தால் திரும்பவும் கொழும்புப் பயணம்தான், அதற்கு இரவு ரயில் ஏற நகரில் இருப்பது எளிது. விசா அலுவல் முடியும்வரையாவது நகரில் இருப்பது புத்தி.

விலை என்னவென்றால் தினமும் இரண்டு பஸ் பயணம். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் அந்த வீதியால்தான் போகின்றன, ஆனால் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் சேர்ந்து ஏறுவார்கள். எட்டு மணி விரிவுரைக்கு ஏழுக்கு முன்பே பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும். மாலை இருட்டினால் திரும்பும் பஸ் குறையும், ஓட்டோ பிடித்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். சைக்கிளில் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் வாடைக் காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். நகரிலிருந்து வளாகத்துக்குப் போகிறவர் மழையோடு சேர்த்து அதை முகத்தில் வாங்கிக்கொண்டே 10 கிலோமீற்றர் மிதிக்க வேண்டும்.

உப்புவெளியும் அலஸ்தோட்டமும் பார்த்தவுடன் மனதை இழுக்கும். கடற்கரை, கடைகள், இரவிலும் வெளிச்சம், வளாகத்துக்குப் பாதித் தூரம். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்களுக்கு விடுமுறையில் பகுதிநேர வேலையும் கிடைக்கலாம். (வதிவிட விசாவில் இருப்பவர்கள் அனுமதியில்லாமல் வேலைக்குப் போகக் கூடாது.) சிக்கல் சித்திரையில் தொடங்குகிறது. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும், சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். மாத வாடகைக்கு விட்ட அனெக்ஸை நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்குப் பல மடங்கு கிடைக்கும். அதனால் ஐப்பசியில் குறைந்த வாடகைக்கு இலகுவாகக் கிடைக்கிற அறையைப் பங்குனியில் காலி பண்ணச் சொல்வார்கள். உங்கள் பரீட்சை எப்போது என்பது அவருடைய கணக்கில் வராது. 12 மாதத்துக்கு எழுதித் தருவதாக இருந்தால் மட்டும் இங்கே முற்பணம் கொடுங்கள்.

கடலுக்குக் கிட்ட இருப்பதன் இன்னொரு செலவு துரு. அலை உடையும்போது எழும் உப்புத்துளி காற்றில் வந்து படியும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால் இரும்பு காய்வதே இல்லை. சைக்கிள் செயினில் இதை ஒரு கிழமைக்குள் பார்க்கலாம்: முதலில் செம்மஞ்சள் தூள், பிறகு இணைப்புகள் இறுகி மிதிக்கும்போது 'கடக்' என்ற சத்தம். எண்ணெயை மட்டும் மேலே ஊற்றினால் கடற்கரை மணல் அதில் ஒட்டி, பற்சக்கரத்தின் பல்லைத் தேய்த்துவிடும். நல்ல தண்ணியால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பெடலைப் பத்துச் சுற்று பின்னுக்குச் சுற்றிவிட்டு வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். கடற்கரை அறை என்றால் கிழமைக்கு ஒருமுறை, வீதிக்கு மேற்கே உள்ள அறை என்றால் மாதம் இருமுறை போதும். மடிக்கணினியை இரவில் கடல் பக்க யன்னலடியில் திறந்து வைக்காதீர்கள்.

வளாகத்து அயலின் பலம் தூரம். பத்து நிமிடச் சைக்கிள் ஓட்டம், மதியம் அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம், நூலகம் மூடும்வரை இருக்கலாம். கடைகள் நேரத்தோடு பூட்டிவிடும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். பலவீனம் தண்ணீர். குழாய் இல்லாத வளவுகளில் கிணறுதான், கிணறு இருப்பது மணலில்.

மணல் தரையில் மழைத்தண்ணி கீழே இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல் ஒரு படலமாக மிதக்கிறது. தை, மாசிக்குப் பிறகு மழை குறைந்து, கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கும்போது அந்தப் படலம் மெலிகிறது. மோட்டர் போட்டு வேகமாக இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். அதனால் வாளியால் அள்ளிய தண்ணி நன்றாக இருப்பதும், அதே கிணற்றில் மோட்டர் தண்ணி உவர்ப்பதும் நடக்கும். அறை பார்க்கப் போகும்போது மோட்டரை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லி, அதற்குப் பிறகு வரும் தண்ணியைச் சுவைத்துப் பாருங்கள். கையில் சவர்க்காரம் போட்டு நுரை வருகிறதா பாருங்கள். வீட்டுக்கார அக்காவிடம் நேராகவே கேட்கலாம்: “அக்கா, ஆவணியில கிணத்துத் தண்ணியில பிளேன்ரீ போடலாமா?” தண்ணி நல்லதா என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள், இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வரும்.

உவர்த் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. குடிக்கவும் சமைக்கவும் 19 லீற்றர் போத்தல் வாங்கினால் ஒருவருக்கு ஏறத்தாழ நான்கு நாள் வரும். அந்தச் செலவை வாடகையோடு கூட்டித்தான் நகர அறையோடு ஒப்பிட வேண்டும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மணலில் கழிவு வேகமாக ஊரும், மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியும் கிணறும் ஒன்றாகிவிடும்.

கூரை மூன்று இடத்துக்கும் பொது. அறையை மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள், காலையில் எல்லா அறையும் குளிர்மைதான். ஓட்டுக் கூரை நல்லது. அஸ்பெஸ்டஸ் சீற் பகலில் கொதிக்கும், இரவில் சீக்கிரம் ஆறும். கொங்கிறீற் தட்டு பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து நடுச்சாமம் வரை கக்கும், இரவில் படிக்கிறவர்களுக்கு அதுதான் மோசம். மேற்குச் சுவரில் கை வைத்துச் சூடு பொறுக்கவில்லை என்றால் கட்டிலை அதன் ஓரமாகப் போட முடியாது.

கரண்ட் கணக்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 யூனிற் என்று படிப்படியாக ஏறும், மாத நிலையான கட்டணமும் கூடவே ஏறும். 70 வாற் மின்விசிறி ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 25 யூனிற். நான்கு பேர் ஒரே மீற்றரில் இருந்தால் விசிறிகளே 100. சோற்றுக்குக்கர், இஸ்திரிப்பெட்டி, வீட்டுக்காரரின் குளிர்சாதனப்பெட்டி, மோட்டர் எல்லாம் சேர்ந்தால் 180 தாண்டும், அங்கே யூனிற் விலை உச்சம். தனி மீற்றர் இருக்கிற அறைக்கு வாடகை கொஞ்சம் கூடினாலும் அதுவே இலாபம்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. நகரில் கடை அதிகம், வளாகப் பக்கம் கரைவலை இழுக்கிற காலத்தில் சூடை மீனும் கீரி மீனும் மலிவு. 5 கிலோ கேஸ் சிலிண்டர் இருவருக்குத் தாராளம்.

நாலு வருடப் படிப்புக்கு வருகிறவருக்கு, நிலாவெளி வீதிக்கு மேற்குப் பக்கம், சாம்பல்தீவுக்கும் வளாகத்துக்கும் இடையில், ஓட்டுக் கூரையும் தனி மீற்றரும் உள்ள அறைதான் எங்கள் தெரிவு. மேற்கே எல்லாக் காணியும் நல்லதல்ல. களப்போரப் பள்ளக் காணிகளில் மாரியில் தண்ணி நிற்கும், சுவரில் பழைய தண்ணிக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ப் பக்கம் பயிற்சிக்குப் போடப்பட்ட இறுதியாண்டுக்காரருக்கும், அடிக்கடி வைத்தியசாலைக்குப் போக வேண்டியவருக்கும் நகர். ஆறு மாதத்துக்கு, அதுவும் ஐப்பசியில் வந்து பங்குனியில் போகிறவருக்கு, உப்புவெளி மலிவாக அமையும். ஆனால் அந்த மாதங்களில் கடல் குழம்பியிருக்கும், குளிக்க இறங்கக் கூடாது.

எந்த இடமானாலும் எழுத்தில் நான்கு விடயம் வாங்குங்கள்: முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், கரண்ட் எப்படிப் பிரிப்பது, காலி பண்ண எத்தனை மாத முன்னறிவித்தல். சாமான் இறக்கும் நாளிலேயே மீற்றர் வாசிப்பை வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது படமெடுத்து, அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.